ஒரு கட்டை தூக்கிப் பாடும் நாடு

தேன்மொழி, பாலு, இரண்டு பேரும் கேளுங்கள். அப்பா அரபு நாட்டுக்குப் போய் வந்த கதையை உங்கள் அம்மா தெருவில் சொல்லும் விதம் வேறு. அந்தக் கதையில் நான் ஒட்டகத்தின் மேல் ஏறியிருக்கிறேன், ஒரு ஷேக் கையால் கடிகாரம் வாங்கியிருக்கிறேன். இரண்டும் நடக்கவில்லை. ஒட்டகத்தை நான் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நீங்கள் சரியான சங்கதியைச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் டீச்சரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நம் ஆர்க்கெஸ்ட்ராவில் அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘ரிதம் செக்‌ஷன்’ என்று சொல்லுங்கள். உண்மையில் குலுக்குவதும் தட்டுவதும்தான். மொராக்கஸ், கபாஸ், டாம்பரின், கொத்து மணி, குயில் விசில். பாட்டில் குயில் கூவினால் அது நான். மழை பெய்தால் அதுவும் நான்தான்.

சினிமாப் பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. பத்தாண்டு பிறக்கும் நேரம் பார்த்து அதற்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். முப்பதுகள் பிறந்தபோது படம் பேசத் தொடங்கி, பேசியதைவிட அதிகமாகப் பாடியதாம். எழுபது பிறந்தபோது எல்லா மேடையிலும் காங்கோ டிரம் ஏறியது, அதைப் பார்த்துத்தான் நான் பள்ளிக்கூடப் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தேன், படிப்பு போனது. எண்பது பிறந்தபோது டிஸ்கோ வந்து, காதுகுத்து வீட்டில்கூட வண்ண விளக்கு சுற்றியது. தொண்ணூறு பிறந்ததும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒரு புதுப் படத்துப் பாட்டை டீக்கடையில் நின்று கேட்டேன். அதில் மழை பெய்தது, குயில் கூவியது. ஆனால் எந்த மனிதனும் எதையும் குலுக்கவில்லை என்று என் காதுக்குத் தெரிந்துவிட்டது. டீ ஆறிப்போய், கடைக்காரர் வேறு டீ போட்டுக் கொடுத்தார். அவருக்கு நான் யாரோ செத்துப்போன செய்தி கேட்டவன் மாதிரித் தெரிந்திருக்கிறது.

அந்தப் பாட்டைப் பாடத்தான் எங்களை ஷார்ஜாவுக்கு அழைத்தார்கள். அழைத்தவர்கள் அங்குள்ள தமிழ்ச் சங்கத்தாரும், அங்கே கேசட் கடை வைத்திருக்கும் கீழக்கரை சுல்தான் பாயும். பதினோரு பேருக்குக் கேட்டு மூன்று பேருக்கு விசா வந்தது. கீபோர்டு டேனியல் மாஸ்டர் ஒருத்தரே எட்டு வாத்தியம் என்பதால் அவருக்கு ஒன்று. என் வாத்தியமெல்லாம் ஒரே ரெக்சின் பையில் அடங்கும் என்பதால் எனக்கு ஒன்று. மூன்றாவது உங்கள் வசந்தா அத்தைக்கு.

வசந்தா எப்போதும் பின் மைக்கில் நின்று ஹம்மிங் பாடுகிறவள். முன் மைக் எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா ஓனர் சம்சாரத்துடையது. அந்த அம்மாவுக்கு பாஸ்போர்ட்டில் ஏதோ பெயர்த் தகராறு, வர முடியவில்லை. புறப்படும் நாளன்று ஓனர் வசந்தாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ரெண்டு புரோகிராம். நல்ல பேரோட வந்தா இங்கயும் முன் மைக்கு தர்றேன். கெடுத்துட்டு வந்தா ஹம்மிங்குக்கும் வேற ஆளு பார்த்துக்கிருவேன்.” வசந்தா “சரிண்ணே” என்றாள். விமானத்தில் எல்லோரும் மேகம் பார்த்தார்கள், அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பணிப்பெண் வயிற்று வலியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தோம். வசந்தாவுக்குச் சுல்தான் பாய் வீட்டில் இடம். எனக்கும் மாஸ்டருக்கும் தொழில்பேட்டையில் ஒரு கராஜுக்கு மேலே ரூம். ரூம் என்றால் நம் ரேஷன் கடை அளவு, அதற்குள் கட்டிலுக்கு மேல் கட்டில். நம் ஊரில் ஒரு வீட்டில் இத்தனை ஆண்கள் சேர்ந்து இருந்தால் அது சாவு வீடாகத்தான் இருக்கும். கீழ்க் கட்டிலில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார்.

“புதுசா? எந்தக் கம்பெனி?” என்றார்.

“ஆர்க்கெஸ்ட்ராங்க.”

“கான்ட்ராக்டு எத்தனை வருசம்?”

“ரெண்டு நாளுங்க.”

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரெண்டு நாள் வேலைக்கென்று வந்த ஒரு மனிதனை அந்த ரூம் அதுவரை கண்டதில்லை. பக்கத்து ரூமிலிருந்தெல்லாம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கே சாப்பாடு குப்பூஸ் என்ற ரொட்டி. சுடும்போது தலையணை மாதிரி உப்புகிறது, வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் தலையணை உறையாகிவிடுகிறது. பருப்புக் குழம்பில் நனைத்துச் சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. பால் இல்லாத டீக்கு சுலைமானி என்று பெயர். நம் வீட்டில் பால் தீர்ந்துபோனால் அம்மா போடும் அதே டீதான், அங்கே அதற்கு ஒரு கௌரவமான பெயர் வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறார்கள்.

புதன்கிழமை சுல்தான் பாய் கடைக்குப் போனோம். தரையிலிருந்து கூரைவரை கேசட். அவர் பெரிய மனசுக்காரர். எங்களைக் கண்டதும் அந்தப் புதுப் பாட்டையே போட்டார். அரை நிமிடத்தில் மாஸ்டர் முகம் மாறியது. எனக்கும் ஏதோ இடித்தது. பாடுகிற பெண்ணை யாரோ பின்னாலிருந்து துரத்துகிற மாதிரி இருந்தது.

“பாய், பாட்டு வேகமா ஓடுதே. ஒரு கட்டை ஏறியிருக்கு” என்றார் மாஸ்டர்.

கட்டை என்பது ஹார்மோனியத்தில் விரல் வைத்து அமுக்குகிறோமே, அது. ஒரு கட்டை ஏறினால் பாட்டு முழுக்க அந்த அளவுக்கு மேலே போய்விடும். ஒரு படி உயரத்தில் இருந்த பானையை மாடியில் தூக்கி வைத்துவிட்டு, எட்டி எடுத்துக்கொள் என்பது போல.

சுல்தான் பாய் சிரித்தார். “ஏறத்தானே செய்யும் தம்பி! கேசட்டு ஒரு சைடு முப்பது நிமிசம். படத்துப் பாட்டு அதுக்கு மேல ஓடுது. கடைசிப் பாட்டப் பாதியில வெட்டுனா கஸ்டமரு என்னைய வெட்டுவான். ரெக்கார்டு மெசினு மோட்டாருல ஒரு ஸ்குரூ இருக்கு, லேசாத் திருகிவிட்டேன். எல்லாப் பாட்டும் அடக்கமா உள்ள உக்காந்துருச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு!”

“எல்லாக் கேசட்டும் இப்பிடித்தானா?”

“எங்கிட்ட இருந்துதான் துபாயி, அபுதாபி, அல் ஐனு எல்லாத்துக்கும் காப்பி போகுது. ரியாத்துல பத்தா மார்க்கெட்டு வரைக்கும் நம்ம சரக்குதான்.” அவர் பெருமையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆக அரபு நாடு மொத்தத்திலும் தமிழர்கள் அந்தப் பாட்டை ஒரு கட்டை தூக்கித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சாயா குடித்துவிட்டு வந்தோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் முதல் நிகழ்ச்சி. முன் வரிசைகளில் குடும்பங்கள், பின்னால் கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வந்த தொழிலாளர்கள். சங்கத் தலைவர் ராகவன் சார் ஒரு கம்பெனியில் பெரிய இன்ஜினியர். ‘பத்தாண்டுகளின் தொடக்கத்தில் தமிழ்த் திரையிசை’ என்று அவர் பேச ஆரம்பித்தார். முப்பதிலிருந்து தொடங்கினார். ஐம்பதுக்கு வந்தபோது முன் வரிசைக் குழந்தைகள் தூங்கிவிட்டன. எழுபதில் நிறுத்திக்கொண்டு, சங்கத்துக்கு உதவியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தப்பட்டவர்கள் அவருக்குத் திருப்பிப் போர்த்தினார்கள். நம் ஊர் மேடையில் இதற்குள் சோடா பாட்டில் வந்திருக்கும். அங்கே ஜனம் பொறுமையானது. அப்புறம் ஆண் குரல் பாட்டுகளை அவரே பாடினார். ஆண் பாடகருக்கு ஏன் விசா வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு வசந்தா முன் மைக்குக்கு வந்தாள். சுல்தான் பாய் சம்சாரம் கொடுத்த பச்சைப் பட்டுப் புடவை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். நம் ஊரில் ரேடியோவில் வருமே, அதே சுருதியில், அதே நடையில் எடுத்தாள். இரண்டு வரி போயிருக்கும்.

“ஸ்பீடு! ஸ்பீடு!” என்று பின்னால் ஒரு குரல்.

“பேட்டரி வீக்காம்ப்பா!”

“அக்காவுக்கு செல்லு மாத்துங்கடா!”

டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கினால் பாட்டு இழுக்குமல்லவா, அந்த நியாயம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதமாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர்கள் கேட்ட பாட்டு வேறு, இவள் பாடியது வேறு. முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் இங்கிலீஷில், “அம்மா, அந்த ஆன்ட்டி ஏன் தூங்கிக்கொண்டே பாடுகிறார்?” என்று கேட்டது. அடுத்து ஒரு பென்சில் பேட்டரி மேடையில் வந்து உருண்டது. கோபமாக எறிந்தது இல்லை, உபகாரமாக உருட்டிவிட்டது. பிறகு இன்னொன்று. வசந்தா பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். திரைக்குப் பின்னால் வந்து, “அண்ணே, நான் தப்பாவா பாடுனேன்?” என்றாள். “இல்லம்மா, நீ ஒருத்திதான் சரியாப் பாடுன” என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. காலையில் ராகவன் சார் வீட்டில் கமிட்டி கூடியது. இட்லி நன்றாக இருந்தது, சட்னி ஃபிரிட்ஜிலிருந்து வந்ததால் பல் கூசியது. சாயங்காலம் அல் ஐனில் இரண்டாவது நிகழ்ச்சி. அங்கேயும் பேட்டரி உருளக் கூடாது என்பது கூட்டத்தின் பொருள்.

மாஸ்டர் ஸ்குரூ திருகிய விவரத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ராகவன் சார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மிஸ்டர் டேனியல், நான் டெய்லி ஆபீஸ் போறச்சே கார்ல அந்தப் பாட்டைத்தான் கேக்கறேன். ஒரிஜினல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

“சார், திருகுனதே நான்தான் சார்” என்றார் சுல்தான் பாய்.

“பாய், நீங்க செத்த சும்மா இருங்கோ. இது டெக்னிக்கல் மேட்டர்.”

சுல்தான் பாய் இட்லிக்குத் திரும்பினார். பொருளாளர் ஒருவர், “பெரும்பான்மை எந்த ஸ்பீடுல கேக்குதோ அதுதான் சார் ஒரிஜினல்” என்றார். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். சுல்தான் பாயும் தூக்கினார். வெளியே வந்து, “ஏன் பாய் நீங்களுமா?” என்று கேட்டேன். “கஸ்டமரு தம்பி” என்றார்.

ஆக ஒரு கட்டை ஏற்றிப் பாட வேண்டும் என்று தீர்மானம். மாஸ்டர் கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு, இரண்டு தரம் அமுக்கினால் ஒரு கட்டை ஏறிவிடும். அமுக்கிவிட்டு இன்னொரு இட்லி எடுத்துக்கொண்டார். வசந்தாவிடம் பட்டன் இல்லை. அந்த ஹாலிலேயே பாடிப் பார்த்தாள். பல்லவி போனது. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் கிழிந்துவிட்டது. வெந்நீர், மிளகு, தேன் எல்லாம் கொடுத்து இன்னொரு தரம் பார்த்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் கிழிந்தது.

“சிம்பிள். கேசட்டைப் போட்டுடலாம். நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போறும்” என்றார் ராகவன் சார்.

“அதுக்கு நான் எதுக்கு சார்? ஒரு பெரிய போட்டோவ நிப்பாட்டிரலாமே” என்றாள் வசந்தா.

“நோ நோ, நீங்கதான்மா இம்பார்ட்டன்ட். சாரி மட்டும் பிரைட்டா கட்டிக்கோங்கோ.”

அவள் என்னைப் பார்த்தாள். முன் மைக்கில் நின்று வாயசைத்தாள் என்று ஊருக்குச் செய்தி போனால் அவளுக்கு முன் மைக்கும் இல்லை, பின் மைக்கும் இல்லை. நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத் தொழுகை முடிந்து சுல்தான் பாய் ஒரு வேன் கொண்டுவந்தார். ராகவன் சார் காரில் முன்னாலேயே போய்விட்டார். வேன் டிரைவர் கான், பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணி. ஆறடிக்கு மேல் உயரம், பெரிய மீசை, வெள்ளிக்கிழமை என்பதால் வெளுத்த உடுப்பும் கையில்லாத கறுப்புக் கோட்டும். பார்த்தால் வேனே அவருடையது மாதிரி இல்லை, அந்த ரோடே அவருடையது மாதிரி இருக்கும். எனக்கு இந்தியில் அச்சாவும் ஜல்தியும்தான் தெரியும். பம்பாயில் இருந்த மாஸ்டர்தான் அவர் பேச்சை எனக்குச் சொல்லிவந்தார்.

அங்கே ரோடு நம் வீட்டுத் தரையைவிட வழுவழுப்பு. அதனாலோ என்னவோ வேன் பாதி வழியில் தன் தன்மானத்தைக் காட்டியது. ரேடியேட்டர் கொதித்து, மணலுக்கு நடுவே நின்றுவிட்டது. இந்த நேரத்தில்தான் ஒட்டகம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. நம் ஊரில் வண்டி நின்றால் நாலு பேர் வந்து நாலு யோசனை சொல்வார்கள். அது ஒன்றும் சொல்லவில்லை.

சூடு தணியட்டும் என்று கான் உட்கார்ந்து டேப்பைப் போட்டார். அதே பாட்டு. ஆனால் மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வசந்தா திரும்பிப் பார்த்தாள். அதே சுருதி, அதே நடை, நம் ஊர் டீக்கடையில் நான் கேட்டது!

“கான் பாய், இது எந்தக் கடைக் கேசட்?” என்று கேட்டார் மாஸ்டர்.

கான் சுல்தான் பாயைக் கைகாட்டினார். “இவர் கடைதான். என் டேப் ரெக்கார்டர்தான் கெட்டுப்போச்சு. உள்ளே பெல்ட் தொய்ந்து மெதுவாக ஓடுகிறது. மாற்ற வேண்டும், நேரம் கிடைக்கவில்லை.”

சுல்தான் பாய் ஸ்குரூ திருகி ஏற்றியதைக் கானின் தொய்ந்த பெல்ட் சரியாக இறக்கிவிட்டிருந்தது. அந்தப் பாட்டை அந்த நாட்டில் சரியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர், அதில் ஒரு வார்த்தையும் புரியாத பட்டாணி.

“மற்ற கடைகளில் கேட்டால் பாவம், அந்தப் பெண்ணை யாரோ விரட்டுகிற மாதிரி இருக்கும். என் வேனில்தான் அவள் நிதானமாக இருக்கிறாள்” என்றார் கான்.

வசந்தா வேன் படியில் உட்கார்ந்து கூடவே பாடினாள். சரணத்தில் மேலே ஏறும் இடம் வந்தது. ஏறினாள். கான் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார், ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. சுல்தான் பாய் மட்டும், “இப்பிடி மெதுவா ஓடுனா சைடு பத்தாதே தம்பி” என்று கவலைப்பட்டார். மூன்று தரம் திருப்பிப் போட்டுக் கேட்டோம். அதில் வேன் பேட்டரி இறங்கிவிட்டது. மாஸ்டர், நான், சுல்தான் பாய் மூன்று பேரும் மணலில் செருப்பு புதையப் புதைய வேனைத் தள்ளினோம். ஒட்டகம் கடைசிவரை இருந்து பார்த்தது.

அல் ஐன் சேர்ந்தபோது அரங்கம் நிரம்பியிருந்தது. கடைக்காரர்கள், தோட்ட வேலைக்காரர்கள், கொஞ்சம் குடும்பங்கள். முன் வரிசை நடுவில் ஒரு பெரிய சோபா. துபாயிலிருந்து வடக்கத்தி வியாபாரி ஒருவர் சிறப்பு விருந்தினராக வருவதாக ஏற்பாடு, அவரை அல் ஐன்காரர்கள் யாரும் முன்பின் பார்த்ததில்லை. நாங்கள் வாத்தியத்தோடு பின்வாசல் வழியாகப் போனோம். வேனை நிறுத்திவிட்டுக் கான் முன்வாசல் வழியாக வந்திருக்கிறார். அந்த உயரத்தையும் மீசையையும் பார்த்த உள்ளூர்ச் செயலாளர் ஓடிப்போய்க் கைகூப்பி, சோபாவில் உட்காரவைத்து, பொன்னாடையும் போர்த்திவிட்டார். மேடையிலிருந்த ராகவன் சாரும் கும்பிட்டார். கானும் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். பட்டாணிகளுக்கு மரியாதை புதிது இல்லை போலிருக்கிறது, கூசவே இல்லை.

ராகவன் சார் முப்பதிலிருந்து தொடங்கி இந்த முறை தொண்ணூறுவரை வந்துவிட்டார். அடுத்து வசந்தா. மைக்குக்கு முன் நின்றாள். ஓரத்தில் சுல்தான் பாய் இரண்டு டேப் டெக் வைத்திருந்தார். ஒன்றில் நிகழ்ச்சியை ரெக்கார்டு செய்தார், மற்றதில் வாயசைப்புக்கான கேசட். அதை வேன் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்திருந்தோம், நின்ற நேரமெல்லாம் வெயில் அதன் மேல்தான். பாட்டு கிளம்பியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. வசந்தா வாயசைத்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, நான் கபாஸையே பார்த்துக் குலுக்கினேன். பல்லவி முடியும் இடத்தில் ‘கொர்ர்’ என்று ஒரு சத்தம். வெயிலில் இளகிய நாடா டெக்கில் சிக்கிக்கொண்டது. பாட்டு நின்றது, வசந்தாவின் வாய் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக அசைந்தது.

கூட்டத்துக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அப்புறம் சிரிப்பு. சுல்தான் பாய் டெக்கிலிருந்து நாடாவை முழம் முழமாக உருவிக்கொண்டிருந்தார். ராகவன் சார் பக்கத்திலிருந்து, “உள்ளே வந்துடுங்கோ, உள்ளே வந்துடுங்கோ” என்று கையை ஆட்டினார்.

வசந்தா உள்ளே வரவில்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். “மாஸ்டர், பட்டன எறக்குங்க.”

மாஸ்டர் இரண்டு தரம் அமுக்கினார். அவள் பல்லவியை முதலிலிருந்து எடுத்தாள், தன் கட்டையில், தன் நடையில். என் கை தானாகச் சேர்ந்துகொண்டது. குயில் வரும் இடத்தில் கூவினேன்.

“பேட்டரி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “செல்லு மாத்து!” என்று இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மேடையில் எதுவும் உருண்டு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சோபாவிலிருந்து கான் கை தட்ட ஆரம்பித்தார். பாட்டின் தாளத்துக்குச் சரியாக, ஆற அமர. சரணம் ஏறும்போது எழுந்தே நின்றுவிட்டார். பொன்னாடை ஒரு பக்கம் நழுவ, “வாஹ் பஹன், வாஹ்!” என்றார். பஹன் என்றால் தங்கச்சி.

நம் ஜனத்தைப் பற்றி அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். சிறப்பு விருந்தினர், அதுவும் தமிழ் தெரியாதவர், எழுந்து நின்று ரசிக்கிறார் என்றதும் செயலாளர் எழுந்தார். முன் வரிசை எழுந்தது. பேட்டரி கேட்ட குரலே, “சும்மா இருங்கடா, பெரிய மனுசன் கேக்குறாருல்ல!” என்று மற்றவர்களை அதட்டியது. ஆரம்பத்தில் அவருக்காகத்தான் கேட்டார்கள். இரண்டாவது சரணத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. முடிந்ததும் இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள். வசந்தா பாடினாள்.

நன்றியுரையில் ராகவன் சார் சொன்னார்: “வளைகுடா வரலாற்றிலேயே முதல் முறையாக, நமது சங்கம் இந்தப் பாடலின் ஸ்லோ வெர்ஷனைத் தயாரித்து வழங்கியிருக்கிறது.” கைதட்டல் நிற்க நேரமானது. உண்மையான வியாபாரி அதற்குள் வாசலில் வந்து நின்றிருக்கிறார். சோபா காலியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

சனிக்கிழமை காலை சுல்தான் பாய் கடைக்குப் போனால், ராத்திரியோடு ராத்திரியாகத் தயாரான புதுக் கேசட் அடுக்கியிருக்கிறது. அட்டையில் ‘ஸ்லோ வெர்ஷன்’ என்ற எழுத்து, கோட் சூட்டில் ராகவன் சார், பக்கத்தில் ஏதோ ஷாம்பு விளம்பரத்துப் பெண். வசந்தா பெயர் இல்லை. போட்டுக் கேட்டேன். எலி பாடுகிற மாதிரி இருந்தது.

“பாய், ஸ்லோ வெர்ஷன்னு போட்டிருக்கீங்க. பழசவிட வேகமா ஓடுதே!”

“என்னா பண்றது தம்பி. ராகவன் சார் அவர் ஸ்பீச்சையும் சேர்க்கச் சொல்லிட்டாரு. சைடு பத்தல. ஸ்குரூவ இன்னுங் கொஞ்சம் திருகுனேன்.” அப்புறம் சந்தோஷமாகச் சொன்னார்: “உங்க ஓனரு போன்ல கேட்டாரு, தங்கச்சி எப்பிடிப் பாடுச்சுன்னு. ராத்திரி ஊருக்குப் போன ஆள் கைல இதுல ஒண்ணு கொடுத்துவிட்டேன். எங்க ஆளு மதுரையில சேர்த்துருவான்.”

அந்த எலியை ஓனர் கேட்டால் வசந்தா கதி அவ்வளவுதான். “நேத்து மேடையில ரெக்கார்டு பண்ணீங்களே, அந்தக் கேசட்டு எங்க பாய்?”

அது டெக்கில் இருந்தது. அதன் மேல் அடுத்த படத்துப் பாட்டு ஏறுவதற்குத் தயாராக இருந்தது. தரச் சொன்னேன். மறுபடி பதிய அந்த டேப் வேண்டும், தர முடியாது என்றார் பாய். கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு என் ரெக்சின் பையைப் பார்த்தார். “அந்தக் குயிலு விசிலத் தர்றீங்களா? நம்ம கடை விளம்பரத்துக்கு முன்னாடி கூவவிட்டா எடுப்பா இருக்கும்.” கொடுத்துவிட்டேன். எப்படி ஊதுவது என்றும் காட்டிக்கொடுத்தேன். நாங்கள் படி இறங்குவதற்குள் அவர் கூவ ஆரம்பித்துவிட்டார். பாலு, விசில் எங்கே என்று கேட்டாயே, அது இப்போது அரபு நாட்டில் வேலை பார்க்கிறது.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் ஒத்திகைக் கொட்டகைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் எலி வந்து பாடிவிட்டிருந்தது. ஓனர் வசந்தாவின் முகத்தைப் பார்க்காமலே, “கேட்டோம். கத்தியிருக்க. நாளையில இருந்து வர வேணாம்” என்றார்.

“அண்ணே, இதையும் கேளுங்கண்ணே” என்று என் கேசட்டை எடுத்தேன்.

“அதான் கேட்டாச்சேப்பா, எத்தனை தடவை கேக்குறது?”

மாஸ்டர் அதை வாங்கி டேப்பில் போட்டார். அல் ஐன் கூட்டத்து இரைச்சல், நாடா சிக்கிய சத்தம், சிரிப்பு எல்லாம் வந்தது. பிறகு வசந்தா வந்தாள். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஓனர் சம்சாரம் கையை நிறுத்தினார். சரணம் முடிந்தது.

“அந்த எடத்த இன்னொரு வாட்டி போடுங்க மாஸ்டர்” என்றார் அந்த அம்மா. போட்டார். கேட்டுவிட்டு வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “பங்குனிப் பொங்கலுக்கு ரெண்டு பாட்டு முன் மைக்குல அவ பாடட்டும். புதுப் பாட்டெல்லாம் எனக்கு எதுக்கு, தொண்டைக்கு ஆகாது.”

வசந்தா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். ஓனர் கேசட்டை வெளியே எடுத்து முன்னும் பின்னும் பார்த்து என்னிடம் போட்டார். “வெளிநாட்டு டேப்பு, நல்லாருக்கு. வீணாக்காத. அழிச்சிட்டு நம்ம குழு விளம்பரத்தப் பதிஞ்சு வையி.”

“சரிண்ணே” என்றேன்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் வாத்தியம் துடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொட்டகையிலேயே இருந்துகொண்டேன். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அது இருக்கிறவரை யார் வேண்டுமானாலும் அழித்து மேலே பதியலாம். அது போய்விட்டால் ரெக்கார்டு பட்டன் அமுங்காது. கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் சாவியை ஓரத்தில் நுழைத்து நெம்பினேன். ஒன்று தெறித்து டிரம்முக்கு அடியில் போனது. கேசட்டைத் திருப்பிப் பிடித்து மற்றதையும் உடைத்தேன்.